ஃபெரைட்டுகள்: வெப்பப் பதமும் காந்தப் பண்பும்

இரும்பு ஆக்சைடுடன் மாங்கனீசு, நிக்கல், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளைக் கலந்து சூளையில் சுட்டால் கிடைக்கும் காந்தப் பீங்கானே ஃபெரைட். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பிரித்தவர்கள் பார்த்திருக்கும், செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி இதுதான். கீழே விழுந்தால் வளையாது. தேநீர்க் கோப்பைபோல உடையும். 1930-இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ கத்தோவும் தக்கேஷி தக்கேயும் ஃபெரைட் காந்தத்தை உருவாக்கினர். அதைத் தொழிலாக்கவே 1935-இல் டிடிகே நிறுவனம் பிறந்தது.

ஒரே கலவையைச் சுடும் விதத்தையும் ஆறவிடும் விதத்தையும் மாற்றினால் வேறு காந்தம் கிடைக்கும். உலோகக் கலவைகளிலும் இது உண்டு. ஆனால் ஆக்சைடுகளில் கூடுதலாக ஒன்று சேர்கிறது: சூளைக்குள் இருக்கும் காற்று.

பெரும்பாலான மென்காந்த (எளிதில் காந்தமாகி எளிதில் அதை இழக்கும்) ஃபெரைட்டுகள் ஸ்பினல் எனப்படும் படிக அமைப்பு கொண்டவை. அதன் ஓர் அலகுக்கூட்டில் 32 ஆக்சிஜன் அயனிகள். அவற்றுக்கிடையே உலோக அயனிகள் அமரக்கூடிய நான்முகி இடங்கள் 64, எண்முகி இடங்கள் 32. நிரம்புபவையோ முறையே 8, 16 மட்டுமே. இரு வகை இடங்களிலும் உள்ள அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிர்த் திசையில் நிற்கும். கழித்தது போக மிஞ்சுவதே வெளியே தெரியும் காந்தம். 1948-இல் இதை விளக்கிய லூயி நீலுக்கு 1970-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, எந்த அயனி எங்கே அமர்ந்திருக்கிறது என்பதே கணக்கு. வெப்பம் அந்த இருக்கைகளைத்தான் மாற்றுகிறது.

செம்பு ஃபெரைட்டில் இதைத் தெளிவாகக் காணலாம். ஃபெரிக் (Fe³⁺) அயனியின் திருப்புத்திறன் 5 போர் மேக்னட்டான் (அணு அளவுக் காந்தத்தின் அலகு), செம்பு அயனியுடையது ஏறத்தாழ 1. செம்பு முழுவதும் எண்முகியில் இருந்தால் அங்கே 6, நான்முகியில் 5, மிச்சம் 1. பத்தில் ஒரு பங்கு செம்பு நான்முகிக்குப் போய், அங்கிருந்த இரும்பு இங்கே வந்தால் மிச்சம் 1.8 ஆகிவிடும். அதிக வெப்பநிலையில் அயனிகள் இப்படிக் கலைந்தே இருக்கும். மெல்ல ஆறவிட்டால் தத்தம் இடத்துக்குத் திரும்ப அவகாசம் உண்டு. காந்தம் சுமார் 1.3 ஆகக் குறையும், கனசதுரப் படிகமும் ஒரு பக்கம் நீண்டுவிடும். சட்டெனக் குளிர்வித்தால் கலைந்தவை கலைந்தபடியே உறைந்து, ஏறக்குறைய 2.3 வரை கிடைக்கும். மக்னீசியம் ஃபெரைட்டும் இதே போக்குடையது.

துத்தநாக ஃபெரைட்டின் கதை வேறு. நன்கு சுட்டு ஆறிய நிலையில் துத்தநாகம் முழுவதும் நான்முகியில் அமர்ந்துவிடும். அறை வெப்பநிலையில் காந்தம் அதை ஈர்ப்பதாகவே தெரியாது. அதையே நானோ துகளாகத் தயாரித்தாலோ பந்து ஆலையில் நெடுநேரம் அரைத்தாலோ ஒழுங்கு குலைந்து காந்தமாகிறது. மறுபடி சுட்டால் அந்தக் காந்தம் மங்கும். நானோ ஃபெரைட்டைச் சுட்டால் காந்தம் கூடும் என்ற பொதுவிதியை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. அவ்விதி பொருந்தும் இடங்களில், சுடும்போது துகள் பெருத்து, எலக்ட்ரான் சுழற்சிகள் சீர்குலைந்த மேற்பரப்பின் பங்கு குறைவதே காரணம்.

மின்வழங்கிகளின் மின்மாற்றி உள்ளகங்களில் பயன்படும் மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட் 1300 முதல் 1400 டிகிரி செல்சியசில் சுடப்படுகிறது. அழுத்திய வளையம் சூளையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கி வெளிவரும். கடினமான கட்டம் சூடேற்றுவது அல்ல, ஆறவிடுவதுதான். வெறுங்காற்றில் ஆறவிட்டால் மாங்கனீசும் இரும்பும் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு பிரியும். காந்த உட்புகுதிறன் சரியும். எனவே வெப்பநிலை இறங்க இறங்க, நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனையும் குறைத்துக்கொண்டே வருவார்கள். சிறிதளவு ஃபெரஸ் (Fe²⁺) அயனி உட்புகுதிறனுக்கு நல்லது. மிகுந்தால் மின்கடத்தல் கூடிச் சுழல் மின்னோட்ட இழப்பு ஏறும். மிகையாகச் சுட்டால் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் ஆவியாகும். நிக்கல்-துத்தநாக வகைக்கு இத்தனை பத்தியம் இல்லை, காற்றிலேயே சுடலாம்.

படிகமணிகள் பெருத்தால் காந்தக் களங்களின் எல்லைச் சுவர்கள் தடையின்றி நகரும், உட்புகுதிறன் உயரும். அவசரமாகப் பெருக்கவைத்தால் துளைகள் மணிக்குள்ளேயே சிக்கி, அச்சுவர்களைப் பிடித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியின் பின்புற வளையமான பேரியம் ஃபெரைட்டுக்குத் தேவை நேர்மாறானது: மணிகள் ஒரு மைக்ரான் அளவிலேயே நின்றால்தான் காந்த நீக்குத்திறன் (காந்தத்தை இழக்காமல் எதிர்க்கும் திறன்) நிலைக்கும்.

சேலம் கஞ்சமலையில் கிடைக்கும் மேக்னடைட்டும் ஸ்பினல்தான், இரும்பு மட்டுமே கொண்டது. அதன் நுண்தூளைக் காற்றில் 250 டிகிரி அளவில் இதமாகச் சுட்டால் காந்தமுள்ள பழுப்பு மேக்கமைட் கிடைக்கும்; இன்னும் மேலே போனால் செந்நிற ஹேமடைட்டாகிக் காந்தம் பெரும்பாலும் போய்விடும். ஒலிநாடாக்களுக்கான தூளைச் செய்தவர்கள் இப்பாதையைத் திருப்பி நடந்தார்கள். ஊசிவடிவ ஹேமடைட்டை ஹைட்ரஜனில் சூடாக்கி மேக்னடைட் ஆக்கி, பிறகு காற்றில் இதமாகச் சுட்டு மேக்கமைட்டாக்கி, கேசட்டின் பழுப்பு நாடாவில் பூசினார்கள்.