ஜென்கின்ஸ், எலா

எலா ஜென்கின்ஸ் (1924–2024) அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த கறுப்பினப் பாடகர். குழந்தைகளுக்கான பாடலாசிரியர், இசையாசிரியர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக மழலையர் பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஆசிரியர் பயிலரங்குகளிலும் பாடியும் பாடவைத்தும் வந்தார். ஒருவர் முன்பாட்டு எடுக்க மற்றவர்கள் பின்பாட்டாக வாங்கிப் பாடும் முறையை வகுப்பறைக்குள் கொண்டுவந்ததே இவருடைய முதன்மைப் பணி. அமெரிக்க இதழ்கள் இவரைக் ‘குழந்தையிசையின் முதற்பெண்மணி’ என்று எழுதின. இவருக்கு முன்பே, 1948-இல், ரூத் கிராஃபோர்ட் சீகர் குழந்தைகளுக்கான அமெரிக்க நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டிருந்தார். ஆனால் அவர் தொகுப்பாளர். குழந்தைகள் நடுவில் நின்று பாடுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஜென்கின்ஸ். ஆகையால் அந்தப் பட்டம் இவருக்கே உரியது.

இளமை

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் 1924 ஆகஸ்ட் 6 அன்று பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் சிகாகோவின் தெற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தென் மாநிலங்களின் இனவொதுக்கலிலிருந்தும் வறுமையிலிருந்தும் விலகி வந்த கறுப்பின மக்கள் அங்கே நெருக்கமாகக் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. தாயார் பிறர் வீடுகளில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். குடும்பம் அடிக்கடி வீடு மாற்றியது. ஒவ்வொரு புதுத் தெருவிலும் கைதட்டு விளையாட்டு, கயிறு தாண்டும் பாட்டு, எண்ணிக்கைப் பாட்டு என்று ஏதாவது புதிதாகக் கிடைத்தது. சிறுமி அவற்றையெல்லாம் பாடமாக்கிக்கொண்டாள்.

முறையாக யாரிடமும் இசை பயின்றதில்லை. இசைக்குறிப்பை வாசிக்கவும் தெரியாது. யுகுலேலி, மௌத் ஆர்கன், கோங்கா முதலான கருவிகளை வாசித்ததெல்லாம் கேள்வி ஞானம்தான். மௌத் ஆர்கன் ஆசை ‘ஃப்ளட்’ என்று அழைக்கப்பட்ட மாமா ஃபிளாய்ட் ஜான்சனிடமிருந்து தொற்றியது. ஓய்வு நேரத்தில் அவர் ப்ளூஸ் வாசிப்பார். அருகில் உட்கார்ந்து கேட்பதே இவருக்குப் பாடம். டி-போன் வாக்கர், மெம்ஃபிஸ் ஸ்லிம், பிக் பில் புரூன்சி ஆகிய ப்ளூஸ் கலைஞர்களின் இசையும் மாமா வழியாகவே அறிமுகமாயிற்று.

தெற்குப் பகுதியில் இருந்த ரீகல் அரங்கில் ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயின் நிகழ்ச்சியைக் கண்டது இவர் வாழ்வில் முக்கியமானது. கேலோவே பொருளற்ற அசைகளை மேடையிலிருந்து வீசுவார். அரங்கம் முழுவதும் அவற்றை அப்படியே திருப்பிப் பாடும். ஜென்கின்ஸின் முறைக்கு மூலம் மேற்கு ஆப்பிரிக்க மரபு என்றும் கறுப்பினத் தேவாலயப் பாடல் என்றும் சொல்வதுண்டு. மரபு பழையதே, இவர் அதைக் கைக்கொண்டது ரீகல் அரங்கில்தான்.

சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் சமூகவியல் படித்து 1951-இல் பட்டம் பெற்றார். குழந்தை உளவியலையும் பொழுதுபோக்குக் கல்வியையும் துணைப்பாடங்களாக எடுத்திருந்தார். அறைத்தோழிகளிடமிருந்து யூதப் பாடல்களைக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். சிகாகோவுக்குத் திரும்பியபின், 1952-இல் இளம் பெண்கள் கிறித்தவச் சங்கத்தில் பதின்பருவத்தினருக்கான நிகழ்ச்சிப் பொறுப்பாளரானார். 1956-இல் உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சியில் பாட அழைப்பு வந்தது. அதில் தாம் பாடிய பகுதிக்கு ‘திஸ் இஸ் ரிதம்’ என்று இவரே பெயர் வைத்தார். இளமையில் மாமா வழியாகக் கேட்ட புரூன்சியும், நாட்டார் பாடகி ஒடெட்டாவும் அதில் விருந்தினராக வந்து பாடினர். அதே ஆண்டில் சங்க வேலையை விட்டு முழுநேர இசைக்கு வந்தார்.

பள்ளி பள்ளியாகச் சென்று மாணவர் கூட்டங்களில் பாடுவதே தொழிலாயிற்று. காலையில் கைதட்டி வரவேற்ற ஊரிலேயே மாலையில் தங்கும் விடுதி இவருக்கு அறை தர மறுப்பதும் நடந்தது. நெடுங்காலம் இவருடன் வாழ்ந்து மேலாளராகவும் இருந்தவர் பெர்னடெல் ரிக்டர்.

முன்பாட்டும் பின்பாட்டும்

முன்பாட்டின் அடி குறுகியதாக, ஒரு மூச்சில் முடிவதாக இருக்கும். அதைக் குழந்தைகள் உடனே வாங்கிப் பாடுவார்கள். வரியை முன்கூட்டி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, எழுத்துத் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. பாதியில் வந்து சேர்ந்த பிள்ளைகூட இரண்டாம் சுற்றிலேயே பாடத் தொடங்கிவிடும். கூச்சமுள்ள பிள்ளைக்குத் தன் குரல் கூட்டத்தில் தனியாகக் கேட்டுவிடுமோ என்ற பயம் இருக்காது.

இவர் பாடிய பாடல்களை நான்காக வகுக்கலாம். முதலாவது எதிரொலிப் பாட்டு: சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது. கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்துக்குப்பின் சுவாஹிலி வாழ்த்துச் சொல்லைக் கொண்டு அமைத்த ‘ஜாம்போ’ இவ்வகையில் சேரும். 1974-இல் வெளிவந்த தொகுப்புக்கும் அதுவே பெயர். இரண்டாவது வினாவிடைப் பாட்டு: பசுவுக்குத் தீனி வைத்தாயா என்று தொடங்கும் பழைய கறுப்பினப் பாட்டு இதற்குச் சான்று. டாமஸ் டாலி 1922-இல் வெளியிட்ட நாட்டார் பாடல் தொகுப்பில் அதன் ஒரு வடிவம் இருக்கிறது. பாடுபவர் கேள்வி கேட்க, கூட்டம் விடை சொல்லும். மூன்றாவது கைதட்டுப் பாட்டு: அடியின் கடைசிச் சொல் மூன்று முறை ஒலிக்க, அதற்கேற்பக் கை விழும் ‘மிஸ் மேரி மேக்’ போன்றவை. நான்காவது முறைமாற்றுப் பாட்டு: நீ ஒன்று பாடு, நான் ஒன்று பாடுகிறேன் என்று ஆளுக்கொரு முறை வருவது. இவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலான ‘யூல் சிங் எ சாங் அண்ட் ஐல் சிங் எ சாங்’ இந்த வகையைச் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிரு சொற்கள் மட்டும் மாறும், மெட்டு மாறாது.

நான்காம் வகையே இவருடைய தனிச்சிறப்பு. மற்ற மூன்றும் மரபில் ஏற்கனவே இருந்தவை. ஒரு கட்டத்தில் முன்பாட்டையே ஒரு குழந்தையிடம் ஒப்படைத்துவிட்டு, தான் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வது இவர் வழக்கம். குரலை உயர்த்தி வேடிக்கை காட்டும் சிறுவர் நிகழ்ச்சிகளிடையே இவருடைய நிதானம் வேறாகத் தெரிந்தது. பாட்டை அவசரப்படுத்த மாட்டார். பின்பாட்டு வரும்வரை காத்திருப்பார்.

பல மொழிகளிலிருந்தும் ஒவ்வொரு பாட்டை எடுத்துப் பாடுவது மேலோட்டமான பண்பாட்டு அறிமுகம் என்றொரு குறை கூறப்படுவதுண்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு வேற்று மொழியின் ஓசை வாயில் படிவதே போதுமான தொடக்கம் என்பதால் அக்குறை பொருந்தாது.

இசைத்தட்டுகள்

நாட்டாரியல் அறிஞர் கென்னத் கோல்ட்ஸ்டைன் சொன்ன யோசனையின்படி, நியூயார்க்கில் ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திவந்த மோசஸ் ஆஷிடம் தம் பாடல் பதிவுடன் சென்றார். ‘கால் அண்ட் ரெஸ்பான்ஸ்’ என்ற முதல் தட்டு 1957-இல் வெளிவந்தது. விற்பனை குறைந்தாலும் எந்தத் தட்டையும் பட்டியலிலிருந்து நீக்குவதில்லை என்பது ஆஷின் கொள்கை. பெரிய நிறுவனத்தில் இருந்திருந்தால் ஓரிரு ஆண்டில் மறைந்திருக்கக்கூடிய பதிவு, அதனால் தலைமுறை தாண்டியும் கிடைத்தது. ஃபோக்வேஸ் தட்டுகளோடு சிறு கையேடும் வரும். ஜென்கின்ஸ் தம் கையேடுகளில் பாடல்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்கு எழுதினார். இவரை நேரில் பார்த்திராத ஆசிரியர்களும் அந்த முறையை எடுத்தாண்டதற்குத் தட்டைப் போலவே கையேடும் காரணம்.

1966-இல் சிகாகோவின் அர்பன் கேட்வேஸ் சிறுவர் பாடகர் குழுவுடன் சேர்ந்து பதிவு செய்த ‘யூல் சிங் எ சாங் அண்ட் ஐல் சிங் எ சாங்’ இவர் தட்டுகளில் சிறந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2007-இல் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1987-இல் ஃபோக்வேஸ் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கைக்கு வந்தபோது, தட்டுகள் அனைத்தும் தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்ற ஏற்பாடும் உடன் வந்தது. 1995-இல் வெளியான ‘மல்டிகல்ச்சுரல் சில்ட்ரன்ஸ் சாங்ஸ்’ உட்பட ஏறத்தாழ நாற்பது தொகுப்புகள் இவர் பெயரில் உள்ளன.

பிற்காலம்

‘மிஸ்டர் ராஜர்ஸ்’ நெய்பர்ஹுட்’, ‘செசமி ஸ்ட்ரீட்’ முதலிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் தோன்றினார். ஏழு கண்டங்களிலும் பாடியிருக்கிறார். 2004-இல் கிராமி வாழ்நாள் சாதனை விருதும், 2017-இல் தேசியக் கலை நிதியத்தின் தேசிய மரபுச் சிறப்பும் பெற்றார். குடிசார் உரிமை இயக்கத்தோடு இணைத்து இவர் வாழ்வைச் சொல்லும் கேல் வால்டின் நூல் 2025-இல் வெளிவந்தது. நூறு வயது நிறைந்த சில மாதங்களில், 2024 நவம்பர் 9 அன்று, சிகாகோவில் காலமானார். இவருடைய தொகுப்புகளை ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் இப்போதும் விற்பனை செய்கிறது.