அரம் பட்ட சங்கு

பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை, இன்று கடல் விலகிப்போய் வயலும் வாழையும் சூழ்ந்த உள்நாட்டு ஊர். முத்துக்குப் பேர்போன அந்த மண்ணில் அறுபட்ட சங்குச் சில்லுகளும் கிடக்கின்றன. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில், அரத்தின் தடம் பதிந்த துண்டுகளைக் கொற்கையில் கண்டதை எழுதியிருக்கிறார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோதும் சங்கு வளைத் தொழிலின் தடயங்கள் வெளிப்பட்டன. இவற்றைக் கழிவு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை. வளை எப்போதோ யாருடைய கையிலோ தேய்ந்து போனது. அதைச் செய்தவன் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தான் என்பதைச் சொல்ல இந்தச் சில்லுகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

அவன் விட்டது சிறிய பொருளில்லை. கடலிலிருந்து வரும்போதே சங்கு முழுமையானது. அதன் புரியையும் வழவழப்பையும் மிஞ்ச எந்தக் கையாலும் முடியாது. வளை வேண்டுமென்றால் முதலில் அந்த முழுமை போக வேண்டும். வாய்ப்புறத்தை உடைத்து, நடுத்தண்டைத் தட்டி எடுத்து, நுனியை நீக்கிவிட்டு, பருத்த வயிற்றுப் பகுதியை மட்டும் குறுக்கே அறுப்பார்கள். அதில் தேறுவது சில வளையங்களே. அப்புறம்தான் இழைப்பும் செதுக்கும் மெருகும். சங்கின் அழகில் மயங்கி நின்றவனுக்கு முதல் அடியே விழாது.

மலிந்த பொருளை உடைப்பதில் என்ன துறவு என்று கேட்கலாம். சங்கு மலிவாக இருந்ததில்லை. மூச்சை அடக்கி மன்னார் வளைகுடாவின் அடிமணலில் தேடி எடுக்க வேண்டிய பொருள் அது. டச்சுக்காரரும், கிழக்கிந்தியக் கம்பெனியும், பிறகு சென்னை அரசும் சங்குகுளிப்பைத் தங்கள் ஏகபோகமாக வைத்துக்கொண்டதே அதன் மதிப்பைக் காட்டும். இன்னொருவர், முழுச் சங்கைப் பேணுவதும் பண்பாடுதானே என்பார். உண்மைதான். அரிதாகக் கிடைக்கும் வலம்புரியை யாரும் அறுப்பதில்லை. பொன் பூண் கட்டிப் பூசையறையில் வைக்கிறார்கள். அந்த வணக்கத்தில் எனக்குக் குறை ஏதும் தெரியவில்லை. ஆனால் வணங்கப்படும் வலம்புரி கடல் செய்ததாகவே இருக்கிறது, மனிதன் அதற்குப் பூண் மட்டும்தான் போட முடிந்தது. சாதாரண இடம்புரியோ வளையாகி, வங்கத்தில் மணமான பெண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அந்த வங்கத்துக்குத்தான் பிற்காலத்தில் தூத்துக்குடிச் சங்கு மூட்டை மூட்டையாகப் போனது. டாக்காவின் சங்காரி பஜாரில் பிறை வடிவப் பெரிய அரத்தை வைத்து அதை அறுத்தார்கள். வளைக்கு உதவாத துண்டில் மோதிரமும் மணியும் செய்தார்கள். விட்டுக்கொடுப்பதும் வீணடிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. குளிப்பது இங்கே, அறுப்பது அங்கே என்று தொழில் பிரிந்ததற்கு வணிகமும் அரசியலும் காரணமாயிருக்கலாம். முழுச் சங்கின் மீதான பற்றின் மேல் பழி போட மாட்டேன். ஆனாலும் விளைவு கண்கூடு. அளவும் முதிர்ச்சியும் பார்த்துச் சங்கைத் தரம் பிரிக்கும் கண் இந்தக் கரையில் தங்கியது, அறுக்கும் கை போய்விட்டது.

அந்தக் கை ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலேயே இருந்தது. சங்கறுக்கும் தொழிலாளரை மதுரைக்காஞ்சி மதுரைத் தெருவில் காட்டுகிறது. அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார் இன்னும் ஒருபடி கிட்டே போகிறார். வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் வளைகளை அறுத்தெடுத்த பின் எஞ்சிய சங்கின் நுனி, விரியாத வெள்ளைப் பகன்றை மொட்டுக்கு அவர் பாட்டில் உவமையாகிறது. வளை செய்தவன் ஒதுக்கிப் போட்ட துண்டைப் புலவர் எடுத்துக்கொண்டார்.