தீஸியஸின் டாக்ஸி

பொருட்காட்சிசாலையில் மகுடமும் வாளும் இருக்கலாம். பழைய டாக்ஸிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மெர்ஸிடிஸ் பென்ஸ் பொருட்காட்சிசாலையில் அப்படியொரு டாக்ஸி இருக்கிறது. 1976-ல் தயாரான '240 டி' டீசல் கார். கிரேக்க நாட்டு டாக்ஸிக்காரர் ஒருவர் 1981-ல் அதை வாங்கும்போதே அது 2,20,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நம்மில் பலர் அந்தக் கணக்கைக் கேட்டதுமே பேரத்தை முறித்துக்கொண்டு எழுந்திருப்போம். அவரோ அதை வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்தினார். 2004-ல் கம்பெனியிடம் ஒப்படைத்தபோது கணக்கு 46 லட்சம் கிலோமீட்டர். பூமியை நூறு தடவைக்கு மேல் சுற்றிய தூரம்!

இது இரும்பின் பெருமை மட்டுமல்ல. மூன்று எஞ்சின்களை அவர் மாற்றி மாற்றிப் பூட்டினார். ஒன்று ஓடும், மற்றவை பழுது நீங்கி முறைக்காகக் காத்திருக்கும்.

அப்படியானால் அது அதே கார்தானா? பலகை பலகையாக மாற்றப்பட்ட தீஸியஸ் கப்பலைப் பற்றிக் கிரேக்கத் தத்துவ ஞானிகள் பண்டைக் காலத்திலேயே இப்படித்தான் தர்க்கம் செய்தார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. டாக்ஸிக்காரரின் கவலையோ வேறு: விடிந்தால் வண்டி கிளம்ப வேண்டும். கப்பலானால் என்ன, காரானால் என்ன? செய்த கை ஒரு தடவைதான் உயிர் கொடுக்கிறது. பழுது பார்க்கும் கை தினந்தோறும் கொடுக்கிறது.