ஸ்டவ் வெடித்த கதை

தீக்காய வார்டுக்கு ஒருமுறை துணைக்குப் போய் வந்தாலே தெரியும். ஆண்கள் பகுதியில் ஆளுக்கொரு காரணம் இருக்கும்: பட்டாசு ஆலை, பாய்லர், மின்கம்பி. பெண்கள் பகுதியில் கட்டிலுக்குக் கட்டில் ஒரே பதில். ஸ்டவ் வெடித்துவிட்டது.

வேலையில் வெந்த உடலுக்கு 1923லேயே இழப்பீட்டுச் சட்டம் வந்தது (நம் ஆட்களுக்குக் காசு கைக்கு வந்ததா என்பது வேறு கதை). அடுப்படியை யாரும் வேலையிடமாகவே எண்ணவில்லை.

2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் சுமார் 1,63,000 பேர் என்று 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் பெண்கள் 1,06,000. பெரும்பாலோர் 15 முதல் 34 வயதினர். இளம் ஆண் ஒருவருக்கு இளம் பெண்கள் மூவர். காவல்துறைக் கணக்கைப்போல இது ஆறு மடங்கு. சமைப்பது பெண்தானே என்பார்கள். ஓரளவு உண்மை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் நைலான் சேலையும் சேர்ந்தால் ஆபத்துதான். ஆனால் நாற்பது வருஷம் சமைத்த மாமியாரை விட்டுவிட்டு, வந்து ஒரு வருஷமான மருமகளையே ஸ்டவ் தேடிப்பிடிப்பது எப்படி?

இதற்கான பதிலின் தொடக்கத்தை அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே எழுதிவிட்டார். சாதி என்பது அகமணம். அதைக் காக்க, கணவனை இழந்து 'உபரி'யான பெண்ணை எரித்தார்கள், அல்லது விதவையாக முடக்கினார்கள். மனைவியை இழந்த ஆணை எரிக்கவில்லை. அவன் ஆண் என்பதே காரணம். உடன்கட்டைக்கு 1829இல் தடை வந்தது. சாதிக்குள்ளேயே மாப்பிள்ளை தேடும் கட்டாயம் போகவில்லை. அதற்குள்தான் வரதட்சணை விலை ஏறியது.

1979இல் டெல்லியில் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். மகளைத் தீயில் பறிகொடுத்த சத்யராணி சத்தா போன்ற தாய்மார்கள் நீதிமன்றப் படியேறினார்கள். அதன் பிறகே 1983இல் 498ஏ, 1986இல் 304பி. திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் கருகி இறந்து, வரதட்சணைக் கொடுமையும் இருந்தால், குற்றம் செய்ததாகவே அனுமானிக்க வேண்டும். பெரிய வெற்றிதான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு வரதட்சணையும் ஏழு ஆண்டும் தெரிகின்றன. குடித்துவிட்டு வந்து சந்தேகப்பட்டு ஊற்றிய மண்ணெண்ணெய் தெரிவதில்லை. கொலை வழக்குப் போடத் தடையில்லை, நிரூபிக்கும் சுமை முழுக்க நம் தலையில். புதிய சட்டத்தின் 80ஆம் பிரிவிலும் அதே ஏழு.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்காக ஓர் அரசு மருத்துவமனையில் இரவெல்லாம் நின்றோம். தலைமுடியில் மண்ணெண்ணெய் வாடை. புருஷன் கட்டிலருகே நிற்க, அவளும் ஸ்டவ் என்றுதான் சொன்னாள். பிள்ளைகள் அவன் வீட்டில் இருந்தார்கள். வந்த காவலர் முதலில் கேட்டது, "கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"பன்னெண்டு சார்" என்றார் அவளுடைய அம்மா.

அப்படியானால் ஆர்.டி.ஓ. விசாரணை தேவையில்லை என்று சொல்லிவிட்டு, விபத்து என்றே எழுதிக்கொண்டு போனார்.