காய்ச்சல் மாத்திரையும் கல்லீரலும்: ஒரு மருந்தின் வரலாறு

வீட்டில் எவருக்கேனும் உடல் சுட்டால் நம் கை முதலில் தேடுவது பாரசிட்டமால் மாத்திரையைத்தான். குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும், பெரியோருக்கு மாத்திரையாகவும் அது இல்லாத வீடு அரிது. நெடுநாள் பழக்கத்தால் அதனை ஒரு மருந்தென்றே நாம் எண்ணுவதில்லை. ஆயினும் அந்தச் சிறு வெள்ளை மாத்திரைக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு கால ஆராய்ச்சி இருக்கிறது. விழுங்கிய மருந்தை உடல் என்னவாக மாற்றுகிறது என்பதே அந்த ஆராய்ச்சியின் மையக் கேள்வி. விடை தெரியாதிருந்த காலத்தில் பலர் துன்புற்றனர், சிலர் உயிரிழந்தனர். விடை தெரிந்தபின் அந்த அறிவே உயிர்களைக் காத்தது.

தவறுதலாகக் கிடைத்த மருந்து

1886ஆம் ஆண்டு. அன்று ஜெர்மானியப் பேரரசில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அர்னால்டு கான், பால் ஹெப் என்னும் இரு இளம் மருத்துவர்கள் குடற்புழுவுக்கு நாப்தலீனைக் கொடுத்துச் சோதித்து வந்தனர். ஒரு நோயாளிக்குக் கொடுத்த மருந்து புழுக்களை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவருடைய காய்ச்சல் வியக்கத்தக்க விதத்தில் தணிந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, மருந்துக்கடையிலிருந்து நாப்தலீனுக்குப் பதிலாக அசெட்டனிலைடு என்ற வேறொரு பொருள் தவறுதலாக வந்திருப்பது தெரியவந்தது. சாயத் தொழிலோடு தொடர்புடைய அந்த மலிவான பொருள், விரைவிலேயே ‘ஆன்டிபெப்ரின்’ என்ற பெயரில் காய்ச்சல் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

மருந்து வேலை செய்தது. கூடவே ஓர் அச்சமும் வந்தது. அதனை உண்டவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அதனைச் சுமக்க இயலாத மெத்தெமோகுளோபினாக மாறியிருந்தது. அது ஏன் நிகழ்கிறது என்பது அன்று எவருக்கும் தெரியவில்லை.

1887இல் பேயர் நிறுவனம் பினாசெட்டின் என்னும் உறவுப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலம் பாரிப்பது அதில் குறைவாக இருந்ததால் உலகெங்கும் பரவியது. இவ்விரண்டுக்கும் நெருங்கிய உறவான பாரசிட்டமாலை அமெரிக்க வேதியியலார் மோர்ஸ் 1878ஆம் ஆண்டளவிலேயே ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தார். 1893இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, இதுவும் இரத்தத்தைச் சிறிதளவு பாதிக்கிறது என்று முடிவு செய்தார். அவர் பயன்படுத்திய பொருள் தூய்மையற்றதாக இருந்திருக்கலாம் என்பது பிற்காலத்தார் கருத்து. அந்த ஒரு முடிவினால் பாரசிட்டமால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

உடலே செய்த மருந்து

1940களின் பிற்பகுதியில் நியூயார்க் நகரில் பெர்னார்டு புரோடியும் ஜூலியஸ் ஆக்செல்ராடும் இந்தப் பழைய புதிரை எடுத்துக்கொண்டனர். ஆக்செல்ராடு அப்போது முனைவர் பட்டம்கூடப் பெறாத ஆய்வக ஊழியர்; பின்னாளில், 1970இல், வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசில் பங்கு பெற்றவர். அசெட்டனிலைடு எதைச் செய்கிறது என்று கேட்பதற்கு முன், உடலுக்குள் அது எதுவாக ஆகிறது என்று கேட்டதே அவர்களின் சிறப்பு.

சாயத் தொழிலில் பயன்படும் அனிலின் உடலை நீலம் பாரிக்கச் செய்யும் என்பது முன்பே அறிந்த செய்தி. அசெட்டனிலைடு உடலில் அனிலினாக மாறுகிறதோ என்று அவர்கள் ஐயுற்றனர். இரத்தத்தில் அனிலினை அளக்க ஒரு முறையை வகுத்து அளந்தபோது, ஐயம் உண்மையாயிற்று. அனிலின் கூடக் கூட மெத்தெமோகுளோபினும் கூடியது. ஆனால் அசெட்டனிலைடில் ஒரு சிறு பங்குதான் இவ்வாறு அனிலினாகியது. பெரும்பங்கு வேறொரு பொருளாக மாறியிருந்தது. அப்பொருள் பாரசிட்டமால்! வலியைப் போக்கும் ஆற்றலும் அதற்கே இருந்தது.

1948இல் அவர்கள் வெளியிட்ட முடிவின் பொருள் எளியது. அறுபதாண்டுகளாக மக்கள் விழுங்கியது அசெட்டனிலைடு. அவர்களுக்கு நலம் தந்தது அதிலிருந்து உடல் தானே ஆக்கிக்கொண்ட பாரசிட்டமால். தீங்கு செய்தது அதே உடல் ஆக்கிய அனிலின். அப்படியானால் பாரசிட்டமாலை நேராகக் கொடுத்துவிட்டால் அந்தத் தீங்கைத் தவிர்க்கலாமே! பினாசெட்டினும் பெரும்பாலும் பாரசிட்டமாலாகவே மாறுகிறது என்று அவர்கள் அடுத்துக் காட்டினர்.

ஆயினும் பினாசெட்டின் உடனே மறையவில்லை. அது கலந்த வலிநிவாரணப் பொடிகளை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைவதை 1953இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நகரத் தொழிலாளரிடமும் அதே துயரம் காணப்பட்டது. அமெரிக்கா அதனைச் சந்தையிலிருந்து நீக்கியது 1983இல்தான்.

மீண்டும் ஒரு புதிர்

பாரசிட்டமால் 1955இல் அமெரிக்காவிலும் 1956இல் பிரிட்டனிலும் பரவலான விற்பனைக்கு வந்தது. உடலை நீலம் பாரிக்கச் செய்யாத, இரைப்பையைப் புண்ணாக்காத மருந்தென்று அனைவரும் அதனை வரவேற்றனர். 1966இல் ஸ்காட்லாந்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. அளவுக்கு மிக அதிகமாகப் பாரசிட்டமால் உட்கொண்ட இருவர் கல்லீரல் அழிந்து இறந்தனர் என்று டேவிட்சன், ஈஸ்டம் என்ற மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர்.

மருத்துவர்கள் திகைத்தனர். நஞ்சு என்றால் எங்கும் பரவித் தாக்க வேண்டும். இதுவோ கல்லீரலைத் தேடிப் பிடித்தது போலிருந்தது. விடை 1973இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்திலிருந்து வந்தது. ஜெரி மிட்செல், டேவிட் ஜாலோ முதலியோர் எழுதிய அந்த ஆய்வுக் கட்டுரைகளில் புரோடியின் பெயரும் இடம்பெற்றிருந்தது. பாரசிட்டமாலை உலகுக்கு மீட்டுத் தந்தவரே அதன் மறுமுகத்தை வெளிப்படுத்தியவர்களுள் ஒருவராகவும் அமைந்தார்.

அவர்கள் கண்டது இது. உரிய அளவில் உண்ட பாரசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் குளுகுரோனிக் அமிலத்தோடும் சல்பேட்டோடும் பிணைத்துவிடுகிறது. அவ்வாறு பிணைந்தது சிறுநீரில் கரைந்து வெளியேறும். எஞ்சிய சிறு பங்கைக் கல்லீரலில் உள்ள நொதிகள் தீவிரமாக வினைபுரியும் ஒரு பொருளாக மாற்றுகின்றன. அதற்கு இன்று வழங்கும் சுருக்கப் பெயர் என்.ஏ.பி.க்யூ.ஐ. என்பதாகும். அந்த நஞ்சு பிறந்த கணமே குளுட்டதையோன் என்னும் காவற்பொருள் அதனைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. ஆகவே ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சிறிது நஞ்சு பிறக்கிறது. பிறந்த இடத்திலேயே அடங்கியும் விடுகிறது.

அளவு மீறும்போது பிணைக்கும் பாதைகள் நிரம்பிவிடுகின்றன. மிஞ்சிய மருந்து நொதிகளின் பக்கம் திரும்ப, நஞ்சு பெருகுகிறது. குளுட்டதையோன் இருப்புக் கரைந்து தீர்ந்ததும், அந்நஞ்சு கல்லீரல் செல்களின் புரதங்களையே பற்றி அவற்றை அழிக்கிறது. நஞ்சு பிறக்கும் இடம் கல்லீரல் என்பதால் அழிவும் அங்கேயே நிகழ்கிறது. எலிகளில் அந்த நொதிகளைத் தூண்டியபோது பாதிப்பு மிகுந்தது. அவற்றைத் தடுத்தபோது பாதிப்புக் குறைந்தது. மருந்து தானே நஞ்சன்று, அதனை நஞ்சாக்குவது உடலின் வினையே என்பதற்கு அது தெளிவான சான்றாயிற்று.

அறிவிலிருந்து பிறந்த நச்சுமுறி

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. தீர்ந்துபோன காவற்பொருளை உடல் மீண்டும் ஆக்கிக்கொள்ள மூலப்பொருள் கொடுத்தால் போதுமே! எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழுவினர் 1974இல் சிஸ்டியமைன் என்ற பொருளால் நோயாளிகளைக் காக்க முடியும் என்று காட்டினர். ஆனால் அது கடும் வாந்தியை உண்டாக்கியது. பின்னர் அவர்கள் அசெட்டைல்சிஸ்டீனைத் தேர்ந்தனர். சளியை இளக்குவதற்கென ஏற்கெனவே பயன்பட்டு வந்த மருந்து அது. 1979இல் அவர்கள் வெளியிட்ட நூறு நோயாளிகளின் ஆய்வு, அளவு மீறி உண்ட எட்டு மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்தினால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காக்கலாம் என்பதை நிறுவியது. இன்றும் உலக மருத்துவமனைகள் நம்பியிருப்பது அந்த மருந்தையே. 1998இல் பிரிட்டன், சாதாரணக் கடைகளில் ஒரு பொதிக்கு 16 மாத்திரைகள், மருந்தகங்களில் 32 என்று விற்பனைக்கு வரம்பு விதித்தது.

நமக்குரிய படிப்பினை

இந்த வரலாறு மாத்திரையைக் கண்டு அஞ்சச் சொல்லவில்லை. உரிய அளவில் பாரசிட்டமால் இன்றும் நம்பத்தக்க மருந்தே. அளவை மறவாதிருப்பதே நம் கடமை. உடல்நலமுள்ள பெரியோர்க்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரைகள் எட்டு, மேல் வரம்பாகக் கூறப்படுகிறது. குழந்தைக்கு அளவு, அதன் எடையைப் பொறுத்தது. கல்லீரல் நோயுள்ளோரும், மிக மெலிந்தோரும், ஊட்டக்குறைவு உள்ளோரும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். சளி, தலைவலி, உடல்வலி ஆகியவற்றுக்கென விற்கும் பல கலவை மருந்துகளிலும் பாரசிட்டமால் உண்டு. வெவ்வேறு பெயரில் இரண்டை ஒருசேர உண்பவர், அறியாமலே அளவை இரட்டிப்பாக்குகிறார். அட்டையிலுள்ள சிறிய எழுத்துகளை ஒருமுறை படித்துவிட்டால் அத்தவறு நேராது.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். முதல் நாள் பெரும்பாலும் அமைதியாகவே கழியும். கல்லீரல் பாதிப்பு இரண்டு, மூன்று நாட்களுக்குப் பின்னரே வெளிப்படும். நச்சுமுறி சிறப்பாக வேலை செய்வதோ அந்த அமைதியான தொடக்க மணிகளில்தான்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னதை, ஆய்வகம் மூலக்கூறுகளின் மொழியில் மெய்ப்பித்துள்ளது. நாம் அறியாமலே ஒவ்வொரு வேளையும் நஞ்சை அடக்கி நம்மைக் காத்துவரும் இந்த உடல் ஓர் அமானிதம். அதன் காவல் வரம்பைத் தாண்டாது பேணுவது நம் பொறுப்பு.