மூன்றாம் எபிசோடை மட்டும் பார்த்தவர்கள்

'டாக்டர் ஹூ' தொடரின் ரசிகர்கள் ஒரு கதையைப் பல ஆண்டுகளாகச் சுமார் ரகம் என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு' என்பது அதன் பெயர். 1967 டிசம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கி, சனிக்கிழமைக்கு ஒன்றாக ஆறு எபிசோடுகள் ஓடியது. அவற்றில் மிஞ்சியது மூன்றாவது மட்டுமே. அதிலும் பெரும்பகுதி அறைகளும் நடைவழிகளும்தான்; போதாததற்கு, எதைத் தொட்டாலும் விளங்காது என்று புலம்பும் ஓர் அரண்மனைச் சமையல்காரர் வேறு. அறிவியல் புனைவு பார்க்க உட்கார்ந்தவர்களுக்குக் கொட்டாவி வந்ததில் ஆச்சரியமில்லை.

மற்ற ஐந்தும் எங்கே போயின? பிபிசியே அழித்துவிட்டது.

அன்று நிகழ்ச்சிகள் பதிவானது 2 அங்குல அகல வீடியோ டேப்பில். விலை அதிகம், ஆனால் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஒளிபரப்பு முடிந்த நாடகத்தை அழித்து, அதே டேப்பில் வேறொன்றைப் பதிவது அன்றாட நிர்வாகமாக இருந்தது. இதை அலட்சியம் என்று திட்டுவது எளிது; ஆனால் அதற்குக் காரணங்கள் இருந்தன. மறுஒளிபரப்பு பெருகினால் தங்களுக்குப் புதிய வேலை கிடைக்காது என்று நடிகர் சங்கம் அஞ்சியது. ஒரு நாடகத்தை எத்தனை முறை, எவ்வளவு காலத்துக்குள் மறுபடி காட்டலாம் என்பதற்கு ஒப்பந்தத்திலேயே வரம்பு இருந்தது. காட்ட முடியாத டேப் அலமாரிக்குப் பாரம்தானே? 1969இல் பிபிசி-1 வண்ணத்துக்கு மாறியதும் கறுப்பு வெள்ளைக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் போயிற்று.

வெளிநாட்டு விற்பனைக்காக 16 மி.மீ. பிலிமில் காப்பிகள் எடுத்ததுண்டு. விற்பனை உரிமைக் காலம் முடிந்ததும் 1970களில் அவையும் குப்பைக்குப் போயின. டேப் வைத்திருந்த பிரிவு, பிலிம் விற்ற பிரிவில் காப்பி இருக்கும் என்று நம்பியது. பிலிம் விற்ற பிரிவு, மூலம் டேப்பில் பத்திரமாக இருக்கும் என்று நம்பியது. இருவர் நம்பிக்கையும் வீண். 1978இல் இயன் லெவின் என்ற ரசிகர் உள்ளே போய்ப் பார்த்தபோது, 'டாக்டர் ஹூ'வின் பெயர்பெற்ற எதிரிகளான டேலெக்குகள் முதன்முதலில் தோன்றிய கதையின் ரீல்களே அழிப்புக்குக் காத்திருந்த குவியலில் கிடந்தன. அதே ஆண்டில் எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க சூ மால்டன் என்பவரை பிபிசி நியமித்தது. அழிப்பு நின்றது. அதற்குள் 1960களின் 253 எபிசோடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை போய்விட்டிருந்தன.

ஒலி மட்டும் முழுசாகத் தப்பியது. டிவி பெட்டிக்கு முன்னால் ஸ்பூல் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஜான் குரா என்பவர் திரையை நேரடியாகப் படம்பிடித்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். தம் வேலைக்கு அத்தாட்சி வேண்டியவர்கள் வாங்கினார்கள். இன்று பல எபிசோடுகள் எப்படி இருந்தன என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

இன்னொரு உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: ஆஸ்திரேலியத் தணிக்கை அதிகாரிகள். குழந்தைகள் பயந்துவிடும் என்று அவர்கள் கத்தரித்த துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. 1996இல் ரசிகர்கள் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள். 'ஃப்யூரி ஃப்ரம் தி டீப்' கதையில் இரண்டு ஆண்கள் வாயை அகலத் திறந்து ஒரு பெண்மேல் விஷவாயுவை ஊதும் காட்சி உண்டு. ஆறு எபிசோடுகளும் தொலைந்த அந்தக் கதையில், ஆகாது என்று வெட்டிய அந்தக் காட்சி பிழைத்துக்கொண்டது. தணிக்கைக்காரர்களை ரசிகர்கள் வாழ்த்திய வேறு சந்தர்ப்பம் உண்டா, தெரியவில்லை.

2013இல் பிலிப் மாரிஸ் என்பவர், நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் சேமிப்பறையிலிருந்து ரீல்களைக் கொண்டுவந்தார். காணாமற்போயிருந்த ஒன்பது எபிசோடுகள் ஒரே மூச்சில் திரும்பின. தொலைந்தவற்றின் கணக்கு 97 ஆனது. ஒன்பதில் ஐந்து, யாரும் பெரிதாகத் தேடாத 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு'.

முதல் எபிசோடிலேயே கடற்கரையில் ஹோவர்கிராஃப்ட் சீறுகிறது, ஹெலிகாப்டர் பறக்கிறது. பாட்ரிக் டிரவுட்டனுக்கு இரட்டை வேடம்: தொடரின் நாயகனான டாக்டரும் அவரே, உலகை வளைத்துப் போடத் துடிக்கும் சாலமாண்டரும் அவரே. நம் ஊரில் மருவோ மீசையோ ஒட்டி ஆளை வேறுபடுத்துவார்கள். டிரவுட்டன் நடையிலும் பேச்சிலும் பார்வையிலும் இரண்டு ஆட்களாகிறார். ஒருவர் மற்றவராக நடிக்கும் இடங்களில்தான் நடிகரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. ஒலியையும் அசையாத படங்களையும் வைத்து அதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்?

கதையின் முதுகெலும்பு நான்காவது எபிசோடில்தான் வெளிப்படுகிறது. கதை நடப்பது 2018இல். வெயிலைத் திருப்பிவிட்டு விளைச்சலைப் பெருக்கும் கருவியால் பசியைப் போக்கிய வள்ளல் என்று உலகம் சாலமாண்டரைக் கொண்டாடுகிறது. அவனோ ஆஸ்திரேலிய ஆய்வு மையத்துக்கு அடியில் ஒரு கூட்டத்தைப் பூட்டிவைத்திருக்கிறான். மேலே அணுப்போர் நடக்கிறது, காற்றெல்லாம் கதிர்வீச்சு என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறான். எதிரிகளைத் தாக்குகிறோம் என்று நம்பி அவர்கள் பூகம்பங்களை மூட்டுகிறார்கள். அந்தப் பேரழிவுகளின் பழியை மற்ற தலைவர்கள்மேல் போட்டு அவன் மேலே ஏறுகிறான். வந்திறங்கும் உணவுப் பொருட்களோடு ஒட்டிவந்த ஒரு செய்தித்தாள் துண்டில் ஒரு நாள் குட்டு உடைகிறது. விடுமுறைப் பயணிகளோடு சென்ற கப்பல் மூழ்கியதாக அதில் செய்தி. உலகப் போரின் நடுவே உல்லாசப் பயணம் போவது யார்?

1968இல் இதைப் பார்த்தவர்களுக்கு அணு ஆயுதப் பயம் நினைவுக்கு வந்திருக்கும். 2013க்குப் பிறகு பார்ப்பவருக்கு உறைப்பது, செய்தியை ஒரே ஆள் கையில் வைத்திருந்தால் நல்லவர்களையும் ஆயுதமாக்கலாம் என்ற பகுதி. கதாசிரியர் டேவிட் விட்டேகர் பாதாளத்து மனிதர்களை முட்டாள்களாக எழுதவில்லை. கடமையுணர்வு உள்ளவர்களாகவே எழுதினார். ஒதுக்கப்பட்ட கதை, பார்த்த கையோடு பலருடைய பிடித்த பட்டியலில் ஏறியது.

எல்லாக் கதைக்கும் இந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' தொலைந்திருந்த காலத்தில் காவியம் என்று பேசப்பட்டது; 1992இல் ஹாங்காங்கிலிருந்து அதன் நான்கு எபிசோடுகளும் திரும்பின. நல்ல கதைதான், ஆனால் ஆளைத் தூக்கும் காட்சியில் கம்பி தெரிகிறது. நினைவில் இருந்தபோது அந்தக் கம்பி இல்லை.

ஜோஸிலிருந்து வந்த இன்னொரு கதை, லண்டன் பாதாள ரயில் சுரங்கத்தில் யெட்டி என்னும் பனிமனித உருவங்கள் உலவும் 'தி வெப் ஆஃப் ஃபியர்'. அதன் மூன்றாவது எபிசோடு மட்டும் கைக்கு வரவில்லை. தொடரில் பின்னாளில் பிரிகேடியராக நிலைத்துவிட்ட லெத்பிரிட்ஜ்-ஸ்டுவர்ட் முதன்முதலாக முகம் காட்டி டாக்டரைச் சந்திப்பது அதில்தான். பழைய ஒலியோடு அசையாத படங்களைக் கோத்து முதலில் வெளியிட்டார்கள். 2021இல் அனிமேஷன் செய்தார்கள். பொம்மை முகம் பலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் படங்களைக் கோத்த பதிப்பையே போட்டுக்கொள்கிறார்கள்.