மீன் குத்திய வெள்ளி

போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்றால் இரண்டு பொருள். ஒன்று மலைச்சரிவில் விளைவது. மற்றொன்று அதை விற்கும் முறை. முதல் சொல் நம் மண்ணுடையது. இரண்டாவது, போர்ச்சுக்கீசியரின் ‘லெய்லாவ்’ கப்பலேறி வந்து தேய்ந்த வடிவம். ஐபீரியத் தீபகற்பத்துக்கும் இந்த ஊருக்கும் அதைவிடப் பழைய ஓர் ஒற்றுமை உண்டு. அது வெள்ளிக் காசில் இருக்கிறது.

போடியில் ஒரு புதையல் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைக் காசுகள், எல்லாம் வெள்ளி. நாணயவியல் நூல்களில் இந்த ஊரின் பெயர் நிலைத்தது அதனால்தான்.

முத்திரைக் காசின் கதை வடக்கே, கி.மு. 6ஆம் நூற்றாண்டையொட்டித் தொடங்குகிறது. வெள்ளியைத் தகடாக அடித்து, துண்டு துண்டாக வெட்டுவார்கள். எடை கூடினால் மூலையில் கொஞ்சம் நறுக்கிவிடுவார்கள். பல காசுகள் கோணல்மாணலாக இருப்பது அதனால்தான். பிறகு சூரியன், ஆறு கைச் சக்கரம், மரம், விலங்கு என ஒவ்வொரு சின்னத்தையும் தனித்தனி அச்சால் குத்துவார்கள். அரசன் பெயரோ முகமோ கிடையாது. மகத, மௌரியக் காலத்தில் ஒரு காசு ஏறத்தாழ 3.4 கிராம். கைமாறும்போது வணிகர்கள் தங்கள் பங்குக்குக் குட்டி முத்திரைகளையும் குத்தினார்கள். சில காசுகளில் அசல் சின்னத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

வணிகச் சாத்துகளோடு அது தெற்கே நடந்து வந்தது. கீழடியிலும் 2021இல் ஒன்று அகழ்வில் கிடைத்தது. வந்த காசைப் பார்த்துத் தென்னவர்களும் அடித்தார்கள். போடிக் காசுகளின் முன்பக்கம் வடக்கத்திப் பாணிதான். திருப்பினால் சில கோடுகளில் ஒரு மீன். அதைப் பாண்டியர் சின்னமாகவே அறிஞர்கள் கொள்கிறார்கள். ஊரார் நம்பிப் பழகிய வடிவத்தை வைத்துக்கொண்டு, பின்பக்கம் மட்டும் தன் அடையாளத்தைப் பதித்த அந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இதே வேலையை ஸ்பெயினின் உள்நாட்டு மேட்டுநிலத்தில் கெல்திபேரியர்கள் செய்துகொண்டிருந்தார்கள். ரோமானியர்களோடு மோதியும் பணிந்தும் வாழ்ந்த மக்கள் அவர்கள். ரோமின் ‘தெனாரியஸ்’ காசின் எடையை ஒட்டி வெள்ளி அடித்தார்கள். ஒரு பக்கம் ஆண் தலை, மறுபக்கம் ஈட்டியோடு குதிரைவீரன். அவன் காலடியில் செகோபிரிகேஸ், துரியாசு, அரெகோராட்டா என்று ஊர்ப்பெயர், உள்ளூர் எழுத்திலேயே. கி.மு. 72இல் ரோமத் தளபதி செர்டோரியஸ் அங்கே நடத்திய போர் முடிந்ததும் அந்த வெள்ளிக் குதிரைவீரனும் ஓய்ந்தான்.

ரோம வெள்ளி இந்தியப் பெருங்கடலுக்குள் வந்த கதையில் ஒரு விபத்தும் உண்டு. கிளாடியஸ் பேரரசர் காலத்தில், செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை ஒதுங்கினான். அவனிடமிருந்த காசுகளில் வெவ்வேறு முகங்கள், ஆனால் எடை ஒன்றே. இதைக் கண்டு அங்கிருந்த மன்னன் ரோமரின் நேர்மையை வியந்தான் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கி.பி. 64இல் நீரோ எடையையும் தரத்தையும் குறைத்ததும் நம் ஊர் வணிகர்கள் முகம் சுளித்திருக்க வேண்டும். இந்தியப் புதையல்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிதான் மிகுதி. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரரின் வெள்ளிக் காசுகளில் ரோமானியச் சாயலில் ஒரு தலை, சுற்றிலும் தமிழ் பிராமியில் ‘மாக்கோதை’. மறுபடியும் அதே சாமர்த்தியம்!

பிறகு நெடுங்காலம் யாரும் இவற்றைப் படிக்கவில்லை. ஸ்பெயினின் தரகோனா பேராயர் அந்தோனியோ அகுஸ்தின் காசுகளைப் பற்றி எழுதிய உரையாடல் நூல் 1587இல் வந்தது. ஆனால் குதிரைவீரன் காலடி எழுத்தை மானுவேல் கோமேஸ் மொரேனோ சரியாகப் படிக்க 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் பிராமிக்கும் காசுதான் கைகொடுத்தது. கிரேக்கமும் பிராமியும் சேர்ந்திருந்த, இந்தோ-கிரேக்க மன்னன் அகத்தோக்ளிஸின் காசைக் கொண்டு 1836இல் லாசன் சில எழுத்துகளைப் பிடித்தார். மறு ஆண்டில் பிரின்செப் முழுதும் படித்தார். சென்னை ராஜதானி அதிகாரி வால்டர் எலியட்டின் தென்னிந்தியக் காசு நூல் 1886இல் வெளியானது. இருந்தும், சங்க கால மன்னர்களுக்குச் சொந்தக் காசு உண்டா என்ற ஐயம் நீடித்தது. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி தம் சேகரிப்பிலிருந்த ஒரு செப்புக்காசில் ‘பெருவழுதி’ என்ற பாண்டியர் பெயரைத் தமிழ் பிராமியில் படித்தார். ஐயம் தீர்ந்தது.

போடிப் புதையல் உருகாமல் தப்பியது நம் நல்லூழ். தோண்டும்போது கிடைத்து, நேராகப் பட்டறைக்குப் போன வெள்ளி எவ்வளவோ! 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கண்டெடுப்பைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்கு முன்பே செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. கறுத்த காசு கையில் கிடைத்தால் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பின்பக்கத்து மீன் முதலில் போய்விடும்.